தேயிலை குடியிருந்த மாதா கோயில்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். கொழும்புத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். நான் வேலை பார்த்த தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் முதலாளி தொலைபேசியில் கத்துவதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. எங்களிடம் வாங்கும் லண்டன்காரர் இனி கென்யாவில் வாங்கிக்கொள்வதாக மிரட்டிக்கொண்டிருந்தார். "சும்மாதானே இருக்கீங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்களேன்" என்று கூட வேலை செய்த சவரி அழைத்தான். டிக்கோயாவுக்கு மேலே அவன் பிறந்த தோட்டம். பையைத் தூக்கிக்கொண்டேன்.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து காலை ஆறு மணிக்குப் பதுளை ரயில். நாவலப்பிட்டி தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கும். சாரல் அடித்தாலும் ஜன்னலை மூடாதீர்கள், சட்டை நனைந்தால் நனையட்டும். மலைக்கு மேல் மலை, அத்தனையிலும் வகிடெடுத்துச் சீவியது போலத் தேயிலை. பத்து வருடம் தேயிலைக் கணக்கு எழுதியவன், அது வளரும் இடத்தை அன்றுதான் பார்த்தேன். பதினொரு மணிவாக்கில் ஹட்டன். அங்கிருந்து டிக்கோயாவுக்கு பஸ்ஸில் மூன்று மைல், இருபத்தைந்து சதம். அப்புறம் இரண்டு மைல் ஏற்றம், நடைதான்.

கல்யாணம் நடக்கப்போகும் மாதா கோயிலின் கதவைச் சவரி திறந்து காட்டினான். தரையே தெரியவில்லை. வாசல் முதல் பீடம் வரை ஜன்னல் உயரத்துக்குத் தேயிலைப் பெட்டிகள். நடுவில் இருவர் ஒட்டி நடக்க மட்டும் வழி. மூடிக் கிடந்த தேயிலை வாசம் நெஞ்சை நிறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், மாதாவுக்கா தேயிலைக்கா என்று தெரியாமல்.

"ஸ்டோரு நெறஞ்சு போச்சுங்க" என்றார் தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் தாவீது. "கொழும்புல எறக்க எடமில்லன்னு லொறிய திருப்பி அனுப்பிட்டாங்க. கொழுந்துக்கு ஸ்ட்ரைக் தெரியுமா? அது பாட்டுக்கு வருது. சாமியார கேட்டுத்தான் இங்க அடுக்குனோம்."

கூடவே ஒரு கண்டிப்பான உத்தரவும் போட்டிருந்தார். சாம்பிராணி கூடாது, மெழுகுவர்த்தி கூடாது, மல்லிகைப்பூ கூடவே கூடாது. தேயிலை பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வாசம் ஏறிய தேயிலையை யாரும் வாங்க மாட்டார்கள். பெட்டிக்குள் ஈயத்தாள் இருக்கிறதே என்றேன். "ஈயத்தாள நான் நம்ப மாட்டேங்க" என்றார்.

இது மணப்பெண்ணின் தாய்மாமன் சின்னப்பனுக்கு நல்ல சாக்காகப் போயிற்று. அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் பூ வைத்துவிட்ட பிறகுதான் பெண் கோயிலுக்குப் புறப்படுவாள். பூவே கூடாது என்றால் எனக்கென்ன வேலை என்றார். உண்மைக் கோபம் மாப்பிள்ளை அந்தோனி மேல். அந்தோனி துறைமுகத்தில் பெட்டி ஏற்றுபவன், வேலைநிறுத்தத்தில் இருப்பவன். அதனால் சரக்கு தேங்கி, தோட்டத்தில் வேலையை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்திருந்தார்கள்.

"நம்ம வயித்துல அடிக்கிறவனுக்கா நான் பொண்ண அனுப்பணும்? வரல" என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வாசலில் நின்று சொன்னார்.

மணப்பெண் ஸ்டெல்லா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள். "முன்ன தோட்டத்துல நாம ஸ்ட்ரைக் பண்ணி ஒக்காந்தப்ப அரிசி அனுப்புனது துறைமுகத்து ஆளுங்கதான் மாமா. அந்த லொறியிலதான் இவரு வந்தாரு. அன்னைக்கு அந்தச் சோத்த நீங்களும் தின்னீங்க."

அவர் வாசலிலிருந்து இறங்கிப் போனார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று சவரியைக் கேட்டேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா பூவில்லாத கொண்டையோடு வாசலில் நின்றாள். எல்லோரும் பாதையையே பார்த்தோம். சின்னப்பன் வந்தார், கையில் தட்டளவு சிவப்பு டேலியாப் பூ. தோட்ட மேனேஜரான தொரையின் பங்களாவில் கேட்டு வாங்கியதாம். நேரே தாவீதிடம் போய் நீட்டினார்.

"மோந்து பாருங்க."

தாவீது கண்ணை மூடிக்கொண்டு, தேயிலையைச் சோதிப்பது போலவே, இரண்டு முறை மோந்தார். "ஒரு வாசமும் இல்ல. வைக்கலாம்."

கூட்டம் சிரித்தது. சின்னப்பன் பூவைக் கொண்டையில் செருகினார். ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

புகையில்லை, சுடரில்லை. பாட்டு மட்டும் பெட்டிகளுக்கு மேலே எழுந்து தகரக் கூரையில் முட்டியது. தான் ஏற்ற மறுத்த சரக்கு இருபுறமும் நிற்க, அந்தோனி தாலி கட்டினான். அப்படியொரு கல்யாணத்தை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்தத் தேயிலை பிறகு விலை குறைந்துதான் போனது. லண்டன்காரர் எங்களை விட்டே போய்விட்டார். நஷ்டம் நிஜம், அதை மறைக்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மே மாதத்துக் குளிருக்குக் கம்பளிச் சட்டை அவசியம். அட்டை ஏறாமல் காலில் தேய்த்துக்கொள்ளச் சவர்க்காரம், அதாவது சோப்புத் துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பாதையில் கடை கிடையாது. ஐந்து மணிக்குள் டிக்கோயாவுக்கு இறங்கிவிடுங்கள், அப்புறம் பஸ் நிச்சயமில்லை.

என்னை பஸ் ஏற்றிவிட அந்தோனியும் சின்னப்பனும் வந்தார்கள். ஸ்ட்ரைக் எப்போது முடியும் என்று சின்னப்பன் கேட்டார்.

"தெரியல மாமா. நம்ம ஆளுங்க கஷ்டத்த பாத்தா, கெடச்சத வாங்கிக்கிட்டு வேலைக்குப் போயிறலாம்னு தோணுது."

சின்னப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "மூணு நாள் வேலய வச்சு நாங்க சமாளிச்சுக்குவோம். கேட்டது கெடைக்காம வேலைக்குப் போயிராதீங்க மாப்ள."

பக்கத்தில் நின்ற எனக்கு, ஏற்றுமதிக் கம்பெனியின் சம்பளக்காரனுக்கு, உடம்பு சிலிர்த்தது.