சங்கிலியில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று

கடல் ஊருக்குள் வந்த அன்று நான் காப்பாற்றிய ஒரே உயிர், பொத்தான் அளவு பற்றரியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கோழிக்குஞ்சு.

அது உண்மையான குஞ்சுகூட அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும் முட்டை வடிவப் பொம்மை. நடுவில் தபால் முத்திரை அளவில் ஒரு திரை. திரைக்குள் கறுப்புப் புள்ளிகளால் ஆன குஞ்சு. நேரத்துக்கு நேரம் கீச்சிடும். பொத்தானை அமுக்கித் தீனி போட வேண்டும், எச்சம் அள்ள வேண்டும், சுகமில்லையென்றால் ஊசி போட வேண்டும். கவனிக்காவிட்டால் செத்துப்போகும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாகவும், வாரப் பத்திரிகையில் ஊராரின் மடத்தனங்களைக் கிண்டலடிப்பவனாகவும் இருந்த ஒரு நாற்பது வயது மனிதன், இந்தப் புள்ளிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான். வீட்டுப் பின்வளவில் சங்கிலியில் கட்டிக் கிடந்த நாயை விட்டுவிட்டு ஓடினான். இப்படிப் படர்க்கையில் எழுதினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஆனாலும் ஓடியது நான்தான்.

பொம்மை என் மகளுடையது. அப்போது அவளுக்குப் பத்து வயது. காத்தான்குடியில் ஒரு கடையில், துபாயிலிருந்து வந்த சாமான்களுக்கிடையில் அதைக் கண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து வாங்குவித்தாள். டிசம்பர் நத்தார் விடுமுறைக்கு மனைவியும் அவளும் வாவிக்கு அப்பால் பழுகாமத்தில் மச்சாள் வீட்டுக்குப் போனார்கள். பரீட்சைத் தாள் திருத்த வேண்டுமென்று நான் கடற்கரையோரம் கல்லடி வீட்டிலேயே நின்றுவிட்டேன். மச்சாள் வீட்டுப் பிள்ளைகள் நால்வர். குஞ்சைக் கொண்டுபோனால் அமுக்கியே கொன்றுவிடுவார்கள் என்று மகளுக்குப் பயம். அதனால் அதை என்னிடம் ஒப்படைத்து, கொப்பித் தாளில் நேர அட்டவணையும் எழுதித் தந்தாள். நாயைப் பற்றி வாயால் மட்டும் சொன்னாள். "அவனுக்கு அட்டவணை தேவல்லப்பா, பசிச்சா அவன் தானே கேப்பான்."

நாய்க்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஒரு பிள்ளை எத்தனை தெரு நடந்தாள் என்பது எனக்குத் தெரியும் என்பதால் இங்கே எழுதவில்லை.

நாயை ஏன் கட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நாய் குரைத்தால் கள்ளன் ஓடமாட்டான். துவக்கு வைத்திருப்பவன் எட்டிப்பார்ப்பான். ரோந்து போகிறவர்கள் ஒரு வளவுக்குள் நாய் விடாமல் குரைத்தால் அங்கே யாரோ பதுங்கியிருப்பதாக நினைப்பார்கள். பதுங்கிப் போகிறவர்களோ நாய் தங்களைக் காட்டிக்கொடுப்பதாக நினைப்பார்கள். இரண்டு தரப்புக்கும் நல்லபிள்ளையாக இருக்க, பொழுதுபட்டதும் நாயைப் பின்வளவுத் தென்னையில் கட்டிவிடுவது எங்கள் ஒழுங்கையின், அந்தக் குறுந்தெருவின், வழக்கம். விடிந்ததும் அவிழ்ப்போம்.

அன்று விடிந்தது. நான் அவிழ்க்கவில்லை. குஞ்சுக்குக் காய்ச்சல்.

திரையில் ஒரு மண்டையோடு தெரிந்தது. அட்டவணையைப் பார்த்து ஊசி போட்டேன். ஒன்று போதவில்லை, இன்னொன்று போட்டேன். என் சொந்த மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் நான் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. அதற்கு மனைவி இருந்தாள். பின்வளவில் நாய் மணலைப் பிறாண்டி ஊளையிட்டது. மிருகங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. பசியாகவும் இருந்திருக்கலாம். எதுவானாலும், யன்னலால் தலையை நீட்டி, "பொத்துடா வாய!" என்று கத்தினேன். அது என்னைப் பார்த்து ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு வாயைப் பொத்தியது. நான் அதனுடன் பேசிய கடைசிப் பேச்சு அது.

"கடல் வருது! கடல் வருது!" என்று ஒழுங்கையால் சனம் ஓடியது. கடல் எப்படி வரும் என்று கேட்க வாசல் படலைக்குப் போனேன். முழங்காலளவு தண்ணீர் எனக்குப் பதில் சொன்னது. அதற்குப் பிறகு நான் யோசித்ததாக ஞாபகமில்லை. கால்கள் யோசித்தன, அவை கடலுக்கு எதிர்ப்புறமாக வாவிப் பக்கம் ஓடின.

கல்லடிப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் சட்டைப்பைக்குள் கீச்சிடும் சத்தம் கேட்டது. எடுத்தேன். பசி அடையாளம் தெரிந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், தீனிப் பொத்தானை அமுக்கினேன். பக்கத்தில் நனைந்த சாரத்துடன் நின்ற ஒருவர் என் கையை எட்டிப் பிடித்தார்.

"ஃபோனா அண்ணன்? லைன் கிடைக்குதா? மகள் மாமி வீட்ட நிண்டவள், ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டா?"

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். குஞ்சு கொத்திக் கொத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை விட்டுவிட்டுக் கிறுகித் திரும்பி நடந்தார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போதுதான் எனக்கு நாயும் ஞாபகம் வந்தது. திரும்பிப் போக இரண்டடி வைத்தேன். எதிரே வந்த சனத்தைக் கண்டதும் நின்றுவிட்டேன்.

மறுநாள் வாவியைச் சுற்றிப் பழுகாமம் போய்ச் சேர்ந்தேன். மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகளும் அழுதாள். பிறகு கேட்டாள்.

"அவன் எங்கப்பா?"

"அவிழ்த்து விட்டனான் மகள். ஓடிற்றான். எங்கயாவது நிப்பான்."

பொய்யைத் திட்டம்போட்டுச் சொல்லவில்லை. வாய்க்கு அதுதான் வந்தது. ஒருவேளை சங்கிலி அறுந்திருக்கும் என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது. அவள் முகம் தெளிந்தது. குஞ்சைக் கொடுத்தேன். "ஐயோ, இது உசிரோட இருக்கு! ரெண்டு பேரையும் காப்பாத்திப்போட்டீங்கப்பா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தனியே கல்லடிக்குப் போனேன். வீட்டில் இரண்டு சுவர் நின்றது. தென்னை நின்றது. சங்கிலி அறுந்திருக்கவில்லை. கையாலும் ஒரு தகரத் துண்டாலும் மணலைத் தோண்டி நாயைப் புதைத்துவிட்டு, சங்கிலியை வாவியில் எறிந்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். பொய்க்கு ஒரு நாள்தான் ஆகியிருந்தது, மன்னிக்கக்கூடிய வயது. ஆனால் அந்தக் கிழமை ஊரெல்லாம் சாவுச் செய்தி. பிள்ளைக்கு இன்னொன்று எதற்கு, மெல்ல மெல்ல மறந்துவிடுவாள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதினேன். பொம்மைக் குஞ்சு இரண்டாம் கிழமை பற்றரி தீர்ந்து செத்தது. புதுப் பற்றரி போட்டதும் புது முட்டை பொரித்தது. மகள் அதை ஒரு நாள் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். "இது அது இல்ல" என்றாள்.

நாயை அவள் மறக்கவில்லை. அகதி முகாம்களில் கண்ட ஆட்களிடமெல்லாம் அடையாளம் சொன்னாள்: நெற்றியில் வெள்ளை, இடது காது கிழிந்தது. நாங்கள் பட்டணத்துக்குள் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் வாசலில் ஒரு தட்டில் சோறு வைத்தாள். ஊர் நாய்கள் தின்று கொழுத்தன. ஒருநாள் யாரோ, வாகரையில் காது கிழிந்த நாய் ஒன்று நிற்கிறது என்றார்கள். கூட்டிப்போ என்று அழுதாள். கூட்டிப்போனேன். இரண்டு தரப்புச் சோதனைச் சாவடிகளிலும் இறங்கி ஏறி, "என்ன அலுவல்?" என்ற கேள்விக்கு "நாய் தேடி" என்று பதில் சொல்லி, நானே புதைத்த நாயைத் தேடி ஒரு முழுநாள் பயணம் செய்தேன். முதல் சாவடிக்காரன் சிரித்தான். இரண்டாவது சாவடிக்காரன் நம்பவில்லை. என்னை அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தினான். என் முகத்தில் பொய் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவன்தான். வாகரையில் நின்றது வேறு நாய். பஸ்ஸில் திரும்பும்போது மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "பரவால்லப்பா, மறுகாத் தேடுவம்" என்று என்னைத் தேற்றினாள்.

என்னோடு படிப்பித்த ஒருவர் நல்ல குட்டி ஒன்று கொண்டுவந்தபோது அவள் தொடவே இல்லை. "அவன் வந்து பாத்தா என்ன நினைப்பான்?"

இப்படியே நாலரை வருடம் போனது. வடக்கே யுத்தம் முடிந்துவிட்டதென்று பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் யன்னல்களைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மகனைப் பல வருடங்களுக்கு முன் துவக்கோடு வந்தவர்கள் பிடித்துக் கொண்டுபோயிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அக்கா மகனின் படத்தை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாக அலையத் தொடங்கினார். மனுக்களை நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஒன்பதாவதோ பத்தாவதோ எழுதிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அவர் சொன்னார்:

"இல்ல எண்டு ஒருத்தன் வந்து சொன்னாக்கூடப் போதும் தம்பி. விழுந்து பிரண்டு அழுவன். மறுகா எழும்பி உலை வைப்பன். சொல்லுறத்துக்கு ஒரு மனிசன் இல்லையே. தெரிஞ்சவன் எங்கயோ இருக்கான்தானே? அவன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

நாயையும் பிள்ளையையும் ஒரே தராசில் வைக்கும் அளவுக்கு நான் கெட்டவனில்லை. ஆனால் அந்த வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவனை எனக்குத் தெரியும். அவன் அந்த நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தான். வெளியே பைப்படியில், பதினைந்து வயதாகிவிட்ட என் மகள் நாய்க்கு வைக்கும் சோற்றுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்கா போனதும் மகளையும் மனைவியையும் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு வராத அழுகையெல்லாம் வந்தது. காய்ச்சல், பாலம், தென்னை, மணல் எல்லாவற்றையும் சொன்னேன். வாகரையைப் பற்றிச் சொல்லும்போது மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க தாட்டீங்க?" என்று புதைத்த இடத்தை மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் காலை கல்லடிக்குக் கூட்டிப்போனேன். யாரோ வளவைச் சமன்படுத்தி, தென்னையையும் தறித்திருந்தார்கள். இங்கே என்றேன், பிறகு இல்லை, அங்கே என்றேன். அந்த மரியாதையைக்கூட என்னால் சரியாகச் செய்ய முடியவில்லை. அவள் இரண்டு இடத்திலும் கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சோற்றுத் தட்டைத் துடைத்துக் குசினி அலுமாரியில் மற்றப் பீங்கான்களோடு அடுக்கினாள். அதன் பிறகு ஒரு மாதமளவு என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். இப்போது நன்றாகப் பேசுகிறாள். ஆனால் நான் ஏதாவது சொன்னால், நம்புவதற்கு முன் என் முகத்தை ஒரு கணம் பார்க்கிறாள்.

அந்த மாதத்தில் ஒருநாள் மனைவியிடம், "நீயும் ஏதாவது சொல்லன். ஏசவாவது ஏசன்" என்று கெஞ்சினேன். அவள் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இவ்வளவு வருசமா நீங்க பெருமூச்சு விட்டது ஒரு நாய்க்கா? நான் உங்கட பள்ளிக்கூடத்துச் சங்கீத டீச்சருக்கெண்டு நினைச்சு அந்த மனிசியோட கதைக்கிறதையே விட்டுப்போட்டன். இனி அவவுக்கு என்னத்தச் சொல்லுற?"