பலகை இடுக்கில் வழிந்த பிம்ஸ்

குணரத்தினம் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் நிலக்கீழ் அறைக்கு இறங்க மாட்டார். கனடாவின் மொன்றியலில் தமிழர் வீட்டுப் பிறந்தநாளும், பெண்பிள்ளை பெரியவளானதுக்குச் செய்யும் சாமத்தியவீடும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். அவர் மேலே குசினி மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய் நிற்பார். கேட்டால் முழங்கால் நோவு என்பார். மனைவி புஷ்பவதியும் அதைத்தான் நம்பியிருந்தார்.

மொன்றியலின் வில்லரேயில் வீடு. வேலை புவாண்ட்-கிளேரில், ஏரிக்கரையில் இருந்த ஒரு டெனிஸ் கிளப்பின் குசினியில். மெட்ரோவும் பஸ்சும் மாறிப் போகவேண்டும். கோப்பை கழுவுவார், மரக்கறி வெட்டுவார். இலங்கையில் அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துரைமாரின் கிளப் ஒன்றில் பல வருடம் பாரில் நின்றவர் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

1995ஆம் ஆண்டு ஜூலை மாதம். கிளப்பில் கோடைகால விருந்து. ஏரியைப் பார்த்தபடி கட்டியிருந்த பெரிய மரத்தளத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வயதான ஆங்கிலேய அம்மா ஒருவர் லண்டனிலிருந்து இரண்டு போத்தல் பிம்ஸ் கொண்டுவந்திருந்தார். ஜின் சேர்த்த கபில நிறச் சாராயம் அது. இங்கிலாந்தில் வெயில் எறித்தால் எல்லோரும் அதைத்தான் குடிப்பார்களாம். பாரில் நின்றவன் பற்றிக் என்ற கியூபெக்கார இளம் பெடியன். அவனுக்கு அதைக் கலக்கத் தெரியாது. அந்த அம்மாவே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்: நிறைய ஐஸ், லெமனேட், வெள்ளரிக்காய், தோடம்பழம், ஸ்ட்ராபெரி, புதினா.

வெள்ளரிக்காயும் புதினாவும் வெட்டித் தரும்படி குசினிக்குச் சொல்லி அனுப்பினான் பற்றிக். குணரத்தினம் வெட்டினார். புதினாவின் மணம் எழும்பியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தட்டைக் கொடுத்தனுப்பிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவினார். இத்தோடு போய்விடும் என்று நினைத்தார்.

பிறகு லெமனேட் முடிந்துவிட்டது. பெட்டிகள் மரத்தளத்துக்குக் கீழே இருந்த களஞ்சியத்தில் அடுக்கியிருந்தன. வேறு நாட்களில் ஏதாவது சாட்டுச் சொல்லி மற்றவர்களை அனுப்புவார். அன்று குசினியில் வேறு யாரும் இல்லை. இறங்கினார்.

உள்ளே ஈர மண் மணம். தலைக்கு மேலே பலகைகள், பலகைகளின் மேல் கால்கள். சிரிப்பு. நாற்காலி இழுபடும் சத்தம். திடீரென்று கண்ணாடி விழுந்து உடைந்தது. பலகை இடுக்கால் ஏதோ வழிந்து அவருடைய நெற்றியில் சொட்டியது. மூக்கால் இறங்கி உதட்டுக்கு வந்தது. இனிப்பு, புதினா.

அவர் பெட்டிகளுக்குப் பின்னால் நுழைந்து, குந்தி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஜூலையில் அவர் இப்படித்தான் இருந்தார். கொழும்பில் தொடங்கிய கலவரம் மலைக்கும் ஏறி வந்தது. கிளப் இருந்த சிறு நகரத்தில் தமிழர் கடைகளில் புகை எழும்பியதை அவர் பார் யன்னலால் பார்த்தார். ஓடுவதற்கு இடமில்லை. கிளப்பின் சமையல்காரர் வின்சன்ட், நீர்கொழும்புச் சிங்களவர், கத்தோலிக்கர், அவரிலும் மூத்தவர். அவர்தான் பாருக்குப் பின்னால் விரித்திருந்த சாக்கைத் தூக்கி, போத்தல் வைக்கும் நிலவறையின் மூடியைத் திறந்து, குணரத்தினத்தின் தோளில் பிடித்து உள்ளே தள்ளினார்.

"இருமக்கூடாது, குணா. நான் வந்து திறக்கிறது. அதுக்கு முந்தி வரவேணாம்."

மூடியது. சாக்கு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கால்கள் வந்தன.

தமிழன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். முந்தநாளே ஊருக்குப் போய்விட்டான் என்றார் வின்சன்ட். ஒருவன் நம்பவில்லை. அலுமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். குளியலறைக் கதவை உடைத்தார்கள். அப்போதுதான் வின்சன்ட், "துரைமார் குடிக்கிறது ஒண்டு இருக்கு, குடிச்சுப் பாக்கிறீங்களா?" என்று கேட்டார். பெரிய சாடியில் பிம்ஸ் கலக்கினார். அந்தச் சாக்கின் மேலேயே நின்றுகொண்டு கலக்கினார், கரண்டி தட்டும் சத்தம் குணரத்தினத்துக்குக் கேட்டது. சாடி முடிய இன்னொரு சாடி. அவர்கள் குடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள், சண்டை பிடித்தார்கள். பிறகு ஓர் அடி விழுந்த சத்தம். வின்சன்ட் முனகினார். ஏதோ உடைந்தது. பலகை இடுக்கால் குணரத்தினத்தின் முகத்தில் ஈரம் சொட்டியது.

இரத்தம் என்று நினைத்தார். நாக்கில் பட்டபோது இனித்தது. அப்படியும் பயம் போகவில்லை. அதற்குள் இரத்தமும் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருட்டில் கிடந்தார். துடைக்கவும் பயம்.

பின்னேரம் மேலே சத்தம் ஓய்ந்தது. நெடுநேரம் கழித்து மூடி கிளம்பியது. விளக்கு வெளிச்சம் விழுந்தது. படியில் ஒரு கால் இறங்கியது. வின்சன்ட் என்றால் பேர் சொல்லிக் கூப்பிடுவாரே என்று நினைத்தார். வந்தவர் கூப்பிடவில்லை. நிலவறையின் மறுபக்கத்தில், வெளியிலிருந்து பெட்டி இறக்குகிற சிறு கதவு ஒன்று இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு ஓடினார். தேயிலைச் செடிகளுக்கிடையில் மழைநீர் ஓடும் ஒரு கானுக்குள் கிடந்தார். இரவெல்லாம் மழை. யாரோ அவருடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஆசை காட்டிப் பிடிக்கிறார்கள் என்று எண்ணி, முகத்தைச் சேற்றில் அழுத்திக்கொண்டார். அகதி முகாம், கப்பல், யாழ்ப்பாணம், பிறகு கனடா. இந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் இதை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

புவாண்ட்-கிளேரில் களஞ்சியக் கதவு திறந்தது. படியில் ஒரு கால் இறங்கியது. குணரத்தினம் முன்னால் இருந்த பெட்டிகளை முழுப் பலத்தோடு தள்ளினார். போத்தல்கள் சிதறின. வந்தவன் "ஆ" என்று கத்தினான். பற்றிக்.

அவன் கிட்ட வரவில்லை. கணுக்காலில் இரத்தம் வழிய, உடைந்த கண்ணாடிக்கு அப்பால் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "சா வா, குணா?" என்று, நலமா என்ற பொருளில் மெல்லக் கேட்டான். பிறகு ஏரியில் காற்று எழும்பியிருக்கிறது, மழை வரும்போல இருக்கிறது என்று தன்பாட்டில் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தான். மேலே ஆட்கள் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. கடைசியில் குணரத்தினம் எழுந்து வெளியே வந்தார். பற்றிக் தன் காரில் அவரை வில்லரே வரைக்கும் கொண்டுவந்து விட்டான்.

"என்னப்பா, ஆர் இது? உந்தப் பெடியன்ரை காலிலை என்ன ரத்தம்?" என்று வாசலில் பதறினார் புஷ்பவதி.

அன்று குணரத்தினம் சொன்னார், எல்லாவற்றையும். புஷ்பவதி அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருந்து கேட்டார்.

"அந்த மனுசனுக்குப் பேந்து என்ன நடந்தது?"

"தெரியாது."

"விசாரிக்கேல்லையோ?"

"விசாரிச்சால் சொல்லிப்போடுவினம். செத்திட்டார் எண்டு சொல்லிப்போடுவினம், புஷ்பம்."

புஷ்பவதி விடவில்லை. "கத்தோலிக்கர் எண்டியளெல்லே. கிளப் இருந்த ஊர்த் தேவாலயத்திலை கேப்பம்" என்றார். அவரே இலக்கம் தேடி, அவரே தொலைபேசியைச் சுழற்றினார். பாதிரியார் நல்லவர். வின்சன்ட் கலவரத்துக்குப் பிறகு வேலையை விட்டு நீர்கொழும்பில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், பக்கத்தில் தொலைபேசி உள்ள கடை ஒன்று இருக்கிறது, அங்கே எடுத்தால் கூப்பிட்டு விடுவார்கள் என்றார்.

அடுத்த ஞாயிறு காலை அந்தக் கடைக்கு எடுத்தார்கள். ஆளைக் கூப்பிடப் போயிருந்த நேரம் முழுக்கக் குணரத்தினம் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்டிவிடலாமா என்று பலமுறை நினைத்தார். புஷ்பவதி பக்கத்திலேயே நின்றார்.

"ஆரு?" கிழட்டுக் குரல்.

"நான் குணரத்தினம், வின்சன்ட் அண்ணை. கிளப்பிலை பாரிலை நிண்ட குணா."

அந்தக் குரல் பயத்தோடு கேட்டது. "பகிடி பண்றதா? குணா இல்ல. குணா செத்து. நீ ஆரு?"

"நான்தான் அண்ணை. சாகேல்லை."

"அப்ப சொல்லு. எங்கட குசினிப் பூனைக்கு என்ன பேர்?"

"அல்பேட்" என்றார் குணரத்தினம். "பழைய செக்ரட்டரித் துரையின்ரை பேரை நீங்கள்தானே வைச்சனீங்கள்."

வின்சன்ட் அழத் தொடங்கினார். அழுகைக்கிடையில் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். அவர்கள் போனதும் பாணும் விளக்கும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கியவர் அவர்தான். கூப்பிட வாய் வரவில்லை. போத்தலால் அடித்ததில் தாடை வீங்கியிருந்தது. உள்ளே யாருமில்லை, மறுகதவு திறந்து கிடந்தது. பின்பக்கத்தால் வந்து குணாவைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்தார். கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு இரவு முழுக்கத் தேயிலைக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரிந்தார்.

"நீ எங்க இருந்தே?"

"கானுக்குள்ளை கிடந்தனான், அண்ணை. கேட்டது."

"ஒவ்வொரு யூலையும் உன் ஆத்துமாவுக்குப் பூசை குடுத்தேன், குணா" என்றார் வின்சன்ட். "இந்த மாசமும் குடுத்தாச்சு."

தொலைபேசியை வைத்துவிட்டுக் குணரத்தினம் அதன் பக்கத்திலேயே இருந்துவிட்டார். வின்சன்ட் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்தோடு, தன்னைத் தேடி வந்த குரலுக்கே பயந்து சேற்றில் முகம் புதைத்தோமே என்ற எண்ணமும் சேர்ந்து வந்தது. அன்று அவரால் சாப்பிட முடியவில்லை.

கிளப் வேலைக்கு அவர் திரும்பிப் போனார். பற்றிக் நடந்ததைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. களஞ்சியத்துக்குத் தானே இறங்கினான். அடுத்த கோடையில் பிம்ஸ் வந்தபோது, நீங்கள் கலக்கிப் பார்க்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டான். குணரத்தினம் மாட்டேன் என்றார்.

மாதம் ஒருதரமாவது நீர்கொழும்புக்கு எடுத்துக் கதைப்பார். கனேடியக் கடவுச்சீட்டுக் கிடைத்ததும் போய் வின்சன்டைப் பார்க்கவேண்டும் என்று பெட்டியும் கட்டினார். அந்தக் கிழமை கொழும்பில் குண்டு வெடித்த செய்தி வந்தது. "இப்ப வரவேணாம். பிடிச்சிடும்" என்றார் வின்சன்ட். இவருக்கும் பயம். போகவில்லை.

தொண்ணூற்றொன்பதில் வின்சன்ட் இறந்துபோனார் என்று கடைக்காரர் தொலைபேசி எடுத்துச் சொன்னார். நித்திரையில் போய்விட்டாராம். குணரத்தினம் அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குக் கிட்ட இருந்த ஜரி பூங்காவில் ஒரு மரவாங்கில் போய் இருந்துவிட்டார். பின்னேரம் புஷ்பவதி தேடிப் போய்க் கூட்டிவந்தார்.