வெட்டப்போகிற மரத்துக்கு மருந்து

எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரைச் சொத்து. அப்பாவுக்குத் தோட்டத்தில் இறப்பர்ப் பால் நிறுக்கிற தராசில் நம்பிக்கை கிடையாது. மழை வராது என்று ரேடியோ சொன்னால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

அம்மா யட்டியாந்தோட்டைக்கு மேலே இறப்பர் மரத்தில் பால் வெட்டினாள். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் வேலை. அவளுக்கோ இழுப்பு. மழைக்காலத்தில் நெஞ்சு விசிலடிக்கும். ஆஸ்பத்திரி கிளினிக்கில் முதலில் ஒரு நீலப் பம்ப் கொடுத்தார்கள். வாயில் வைத்து இழுத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பிவிடும். அது அடிக்கடி தேவைப்படவே, காலையும் மாலையும் இழுக்கச் சொல்லி ஒரு மண்ணிறப் பம்பும் சேர்ந்தது. அதற்கும் அடங்கவில்லை. டாக்டரம்மா அதையே கூடின மருந்தாக மாற்றி, இரவில் விழுங்க ஒரு குளிசையும் எழுதினார்.

சோறு போடும்போது அம்மா இதைச் சொன்னாள். அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வெட்டப்போற மரத்துக்குத்தான் மருந்தக் கூட்டிப் பூசுவாங்க," என்றார்.

தோட்டத்தில் எல்லாரும் கண்ட வழக்கம் அது. கிழட்டு மரத்தைச் சாய்க்குமுன் பட்டையில் மருந்து பூசி, மிச்சமிருக்கும் பாலையும் வாங்கிவிடுவார்கள். மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார்களே தவிர, குறைத்து யாரும் பார்த்ததில்லை. அப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோனார். அம்மா மறக்கவில்லை. நான் அதை மரத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்து ரசத்தைக் குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் அம்மாவின் போக்கு மாறியது. நானே தலை பின்னிக்கொள்ளப் பழக்கினாள். சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் தன் காதுத் தோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "பொம்பளப் புள்ள, கத்துக்க," என்றாள். தோட்டுக்கும் கற்றுக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்கும் பரம்பரைப் புத்தி வேலை செய்தது. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த என் சிநேகிதியின் அம்மாவும் இப்படித்தான் எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டு, ஒரு காலையில் குவைத்துக்குப் போய்விட்டாள். என் அம்மாவும் போகப்போகிறாள். பாஸ்போர்ட்டை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள். அவள் யாரோடு போனில் பேசினாலும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அவள் பால் வெட்டப் போயிருந்த ஒரு காலையில் தகரப்பெட்டியைத் திறந்தேன். கலியாணச் சேலைக்கு அடியில் கை விட்டுத் துழாவினேன். பாஸ்போர்ட் இல்லை. உறை பிரிக்காத மண்ணிறப் பம்புகளும் குளிசைப் பக்கெட்டும்தான் இருந்தன. அப்பாடா என்று பெட்டியை மூடிவிட்டுப் பாடிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

அந்த வாரமே அம்மா வாளியோடு, பால் நிறுக்கிற ஸ்டோர் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்ததாம். நீலப் பம்பை எத்தனை இழுப்பு இழுத்தும் மூச்சு வரவில்லை. லொறியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா கேட்டார் என்று அப்பா மருந்து தேடி வீட்டுக்கு வந்தார். நான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிரிக்காத உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிலைப்படியில் உட்கார்ந்து அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். பயமாக இருந்தது.

பேச முடிந்ததும் அம்மா மரத்துக் கதையைச் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மாவும் இறப்பர்த் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் போலிருக்கிறது, சிரிக்கவில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதை அப்பா வெகுகாலம் கழித்துத் தமிழில் எனக்குச் சொன்னார்: "மரத்துக்கு யாரும் மருந்தக் கொறைக்க மாட்டாங்க. உங்க இழுப்பு அடங்கட்டும், நானே கொறைப்பேன்."

சொன்னபடியே சில மாதம் கழித்துக் குறைத்தார். இனி பார்த்துப் பிரயோசனமில்லை என்று கைவிட்டுவிட்டாரோ என அம்மா அதற்கும் ஒரு மாதம் சந்தேகப்பட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அப்பா பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா மண்ணிறப் பம்பைப் பிரித்து இழுத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தாள். என் காதிலிருந்த தோட்டைக் கழற்றித் தன் காதில் போட்டுக்கொண்டாள். என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கி, வலிக்க வலிக்கத் தலை பின்னிவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிநேகிதியிடம் ஓடிப்போய், எங்கம்மா வெளிநாடு போகவில்லை, பயணம் நின்றுபோச்சு என்றேன். எந்த ஊருக்குப் போக இருந்தாள் என்று அவள் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. குவைத்தாகத்தான் இருக்கும் என்றேன்.