வலது கன்னத்து மங்கு

என் வலது கன்னத்தில் கறுப்புத் திட்டாக மங்கு விழுந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் மனைவியின் அண்ணன். குவைத்தில் இருபது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அதனால் மனித உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு கொதிக்கும் நேரத்தில் என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மாப்ளே, இது தோலுக்க கேடு இல்ல. கல்லீரலு. எங்க கம்பெனில ஒருத்தனுக்கு இதே மாதிரி கறுத்துது. நல்லா ஊத்துவான்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

நான் குடிப்பவனல்ல. ஒழுக்கத்தால் அல்ல, தைரியம் போதாததால். ஆனால் அன்று முதல் நான் கழற்றிப் போடும் சட்டையை மனைவி முகர்ந்து பார்த்தே துவைக்கப் போட்டாள். இருபத்திரண்டு வருட இல்லறத்தில் என் சட்டைக்கு இத்தனை கவனம் கிடைத்ததில்லை.

மங்கு போனால் சந்தேகமும் போகும் என்று நினைத்தேன். நான் கல்லூரி நூலகர். எந்த முட்டாள்தனத்தையும் புத்தகம் பார்த்துத்தான் செய்வேன். எலுமிச்சைச் சாறு என்று ஒரு புத்தகத்தில் கண்டு, காலையில் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு, நாகர்கோவிலிலிருந்து கல்லூரி இருக்கும் குழித்துறைக்குப் பேருந்து ஏறினேன். நாலாம் நாள் கன்னம் எரிந்தது. மங்கு முன்பைவிடக் கறுத்தது. மனைவி இப்போது சட்டையை இரண்டு முறை முகர்ந்தாள்.

கடைசியில் ஊரிலேயே ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். எலுமிச்சை என்றதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அத தேச்சிட்டு வெயில்ல போனா வெந்து கறுத்துப் போகும் சார். மெடிக்கல்ல வெளுக்கிற கிரீம் ஏதும் வாங்கிப் போட்டீங்களா? இல்லையா, நல்லது. சிலதுல ஸ்டீராய்டு இருக்கும், தோலு மெலிஞ்சிரும்."

தைராய்டு உண்டா, குடும்பத்தில் யாருக்கும் மங்கு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். பிறகு முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சாதாரணமா ரெண்டு கன்னத்துலயும் வரும். ஒங்களுக்கு வலது பக்கம் மட்டும் இருக்கே. கார் ஓட்டுவீங்களா?"

"இல்ல, பஸ்ஸுதான். ஜன்னலோரம்."

"எந்தப் பக்கம்?"

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இடப்பக்கம் பெண்கள் இருக்கை. ஆகவே பதினேழு வருடமாகக் கைக்குட்டை போட்டு, சண்டை பிடித்து, வலப்பக்க ஜன்னலையே கைப்பற்றி வந்திருக்கிறேன். காலையில் வண்டி வடமேற்கே போகும். கிழக்குச் சூரியன் வலப்பக்கம். மாலையில் தென்கிழக்கே திரும்பும். மேற்குச் சூரியன், அதுவும் வலப்பக்கம்!

"டாக்டர், நான் குடிக்கல்ல!" என்று கத்தினேன்.

"குடிச்சீங்கன்னு யாரு சார் சொன்னா?"

வெயிலுக்கான களிம்பை இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பூச வேண்டும், தொப்பி வேண்டும், இரவில் ஒரு கிரீம், அதுவும் சில வாரம் மட்டும். மங்கு மறைய மாதங்கள் ஆகும். மறுபடி வெயிலில் காய்ந்தால் மறுபடி வரும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மனைவி பொறுமையாகக் கேட்டாள். "டாக்டர்ட்ட நீங்க என்ன சொன்னியளோ, அதத்தான் அவ திருப்பிச் சொல்லியிருப்பா."

சாட்சி வேண்டும். மறுநாள் வடசேரி நிலையத்தில் பேருந்தில் ஏறும்போது ஓட்டுநரைப் பார்த்தேன். நம் ஊர் ஓட்டுநர் உட்காருவதே வலப்பக்கம்தானே! அவருடைய வலது கன்னத்தில், என் மங்குக்கு உடன்பிறந்தது போல இன்னொரு மங்கு. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"சாரே, பைய பேசும்," என்றார். "எனக்க வீட்டுலயும் இதே கேசுதான். டிரைவர் குடிச்சான்னு வெளிய தெரிஞ்சா வேலையே போயிரும்."

இருவரும் வலது கன்னங்களை நீட்டி ஒரு செல்ஃபி எடுத்தோம். வெற்றி வீரனாக அதை வீட்டில் காட்டினேன். மனைவி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டுபேரும் சேந்துதான் குடிக்கியளோ?"

ஆனால் அடுத்த நாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள். ஜன்னலோரத்தில் அவள், பக்கத்தில் நான். தக்கலை வருவதற்குள் முந்தானை வலது கன்னத்துக்குப் போயிருந்தது.

"என்ன வெயிலு இது! இதுலயா பதினேழு வருசமா சண்ட போட்டு இருக்கிய?"

குழித்துறையில் இறங்கியவள் நேராக முன்பக்கம் அதே ஓட்டுநரிடம் போனாள். "அண்ணே, ஒங்க வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தாங்க."

ஓட்டுநர் எண்ணை அழுத்தி, ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார். பின்னால் கூச்சல்: "வண்டி எடுக்கியளா இல்லியா?" நடத்துநர் மூன்று முறை விசில் ஊதினார். வண்டி அசையவில்லை. ஓட்டுநரும் நானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெயிலுதான் பிள்ளே," என்றாள் மனைவி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து. "நான் இருந்து பாத்துட்டேன். இதுகளுக்குக் குடிக்கதுக்கு எங்க நேரம்?"