எச்சில் படாமல் ஒரு வாய்

கரியமாணிக்கத்துக் கல்பனா பிடித்த பிடியை விடாதவள். அவளைக் கட்டிய குழந்தைவேலுவுக்கு அது கல்யாணமான புதிதிலேயே தெரிந்துபோயிற்று.

பாகூர் ஏரிக்கரையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே சமையலறையிலிருந்து தட்டு சுமப்பது அவள் வேலை. மேசையில் இருப்பவர்களிடம் வாய் திறக்கக் கூடாது. அவர்களிடம் பேசுவது ஒயின் பரிமாறுகிற ஆளின் வேலை. அந்த ஆள் வேலையை விட்டுப் போனதும், அந்த இடம் தனக்குத்தான் என்று கல்பனா முடிவு கட்டிவிட்டாள். இத்தனை வருஷம் ஊமை மாதிரி நின்றது அவளுக்கு நெஞ்செல்லாம் எரிச்சல். கைப்பேசியைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் பேசப் பழகியிருந்தாள்.

ஒரே ஒரு சிக்கல்தான். ஒயினை அவள் வாயில் வைத்ததே இல்லை.

“இன்னாடி, வேலைக்குப் போறேன்னு குடிச்சிட்டு வரப்போறியா?” என்று கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிய குழந்தைவேலு சிரித்தான்.

“குடிக்கப் போவலங்க. ருசி பாக்கப் போறேன்” என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள் கல்பனா.

விடுதி முதலாளி புகழ்வேந்தன் அன்று, அடியில் கொஞ்சம் மட்டுமே மிச்சமிருந்த ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்திருந்தார். ஸ்பெயினில் தாத்தா காலத்து முறையை இன்னும் விடாத ஒரு வீட்டார் செய்த சிவப்பு ஒயின். மரப்பீப்பாயில் பாதிக் காலம், பாட்டிலில் பாதிக் காலம் என்று இருபது வயசு அதற்கு.

“இவ்ளோதாம்மா மிச்சம் இருக்குது. ஆளுக்கு ஒரு வாய். இன்னா தெரியுதுன்னு சொல்லுங்க.”

வேலைக்குப் போட்டி அரியாங்குப்பத்துச் சுவேதா. கேட்டரிங் படித்தவள். கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் வைத்து, காய்ந்த பழ வாசனை வருகிறது என்று அழகாகச் சொன்னாள்.

அடுத்து கல்பனா. கிளாஸை எடுத்தாள், தலையை அண்ணாந்தாள், சொம்புத் தண்ணீரைப் போல உயரத் தூக்கி ஊற்றினாள். ஒயின் நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. மீதி தாடையில் வழிந்து வெள்ளைச் சட்டையை நனைத்தது. புரையேறி இருமினாள்.

“ஏம்மா, இன்னா பண்ற?”

“எல்லாரும் பொழங்குற கிளாஸு சார். எச்சில் படக் கூடாதேன்னு…”

சுவேதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சரி, ருசி எப்படி?”

“தெரியல சார்.”

“போய் மூஞ்சியக் கழுவிக்கோ” என்று புகழ்வேந்தன் எழுந்துவிட்டார். அவமானத்தில் கல்பனாவுக்குக் காது சுட்டது. வேறொருத்தியாக இருந்தால் அழுதுகொண்டே போயிருப்பாள். இவள் நகரவில்லை.

“அடியில இன்னும் இருக்குது சார்.”

“அது வண்டல். அத யாரும் குடிக்க மாட்டாங்க.”

“எனக்குப் போதும் சார்.”

பாட்டிலை மெதுவாகச் சாய்த்து, தெளிந்ததை மட்டும் கிளாஸில் இறக்கினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, கிளாஸின் விளிம்பில் உதட்டை வைத்தாள். ஊர் மொத்தமும் பார்ப்பது போல் கூசியது. முதலில் புளித்தது. பிறகு பாக்கு மென்றது போல நாக்கை இழுத்துப் பிடித்தது. விழுங்கிய பிறகு, வெகுநாள் மூடிக்கிடந்த மரப்பெட்டியின் வாசனை மெல்ல மேலே வந்தது.

“இப்ப சொல்லு.”

“எனக்குப் புடிக்கல சார்.”

புகழ்வேந்தன் புருவத்தைத் தூக்கினார்.

“ஆனா யாருக்குப் புடிக்கும்னு தெரியுது. ஆட்டுக்கறி சாப்ட்டுட்டு, அவசரமில்லாம ஒக்காந்து பேசுறவங்களுக்குக் குடுக்கலாம். மீனுக்கு வேணாம், மீன் ருசிய அமுக்கிடும்.”

“புடிக்காதத எப்படிம்மா விப்ப?”

“சாப்புட வர்றவங்க நானில்லியே சார்.”

புகழ்வேந்தன், ஏரியைப் பார்த்த மேசையில் உட்கார்ந்திருந்த வயதான வெளிநாட்டுத் தம்பதியைக் காட்டினார். “சுவேதா சொன்னதும் சரிதான். ஆனா நீ போய்ப் பேசு, பாக்கலாம்.”

நனைந்த சட்டையோடே கல்பனா போனாள். அவர்கள் வறுத்த வஞ்சிரம் சொல்லியிருந்தார்கள். அதற்கு, பட்டியலிலேயே விலை கூடிய சிவப்பு ஒயினைக் கேட்டார்கள். முதலாளி பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும். இருந்தும், அது மீனுக்கு ஒத்துவராது என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்.

அந்தப் பெரியவர் பட்டியலை மூடி வைத்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, “அப்படியானால் நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

கல்பனா சொல்லத் தொடங்கினாள்.