சர்க்காருக்கு ஆள் வேணுமா, வேண்டாமா

அறுபதுகளின் கடைசியில், அந்தமானின் ரங்கத் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், கருத்தடை லூப் போட்டுக்கொள்ள ஒரு பெண் வந்தார். இடுப்பில் நான்காவது குழந்தை, பின்னாலேயே கணவர்.

“சிஸ்டர், காட்டைத் திருத்த ஆள் வேணும்னு மெயின்லேண்டிலிருந்து கப்பல்ல ஏத்திட்டு வந்தது சர்க்கார். இப்ப பிள்ளை போதும்னு சொல்றதும் சர்க்கார். இதுல ஏதோ சக்கர், சூது இருக்கு” என்றார் கணவர். குடும்பம் பெருகாவிட்டால் கொடுத்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் பயம்.

பயிற்சியில் கற்ற வரிசைப்படி தாயின் உடல்நலம், குழந்தையின் எடை, பிரசவ இடைவெளி என்று விளக்கினேன். எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, “இதெல்லாம் பட்டாவுல எழுதியிருக்கா சிஸ்டர்?” என்று கேட்டார்.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. “இருக்கிற நிலத்தை நாலாப் பிரிச்சாலே ஆளுக்கு ஒரு வரப்புதான் மிஞ்சும். அஞ்சாவது பிறந்தா உங்க சர்க்கார் கடலைத் தூர்த்துக் குடுக்குமா?”

கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். மனைவி திரைக்குப் பின்னால் வந்து படுத்தார்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, வராந்தா பெஞ்சில் இருந்த ஒரு வங்காளியிடம் அந்தக் கடல் விஷயத்தைக் கணவர் தன் சொந்த யோசனையாக இந்தியில் விளக்குவது கேட்டது.