லாரியாகவே இருந்த ரோபோ

என் கல்யாணம் ஒன்பது மாதம் தள்ளிப்போனதற்கு ஒரு லாரிதான் காரணம். ரோட்டில் ஓடுகிற லாரி இல்லை, கல்கத்தாவில் எங்கள் டாக்குரியா வீட்டு டிவிக்குள் ஓடிய லாரி. ஒரு பொத்தானை அழுத்தினால் அது எழுந்து நின்று முப்பதடி ரோபோவாக மாறும். அந்த விளையாட்டின் பெருமையே அதுதான் என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

லாரியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் நான் கட்டிக்கொள்ள இருந்தவர். கல்லூரியில் நிலவியல் நடத்தும் வங்காளி, நாற்பது வயது. அப்பா அவரைப் புரொஃபசர் என்பார், நானும் இங்கே அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். கரியாஹாட்டில் அவர் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. புத்தகம் இருக்கும் என்று நினைத்துத்தான் முதல் தடவை கிட்டே போய்ப் பார்த்தேன். உள்ளே வரிசையாக ரோபோ பொம்மைகள். மடக்கினால் கார், விரித்தால் ரோபோ. சில மடக்கினால் விமானம். அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தப் பொம்மைகள் விற்கின்றன. பொம்மையை வைத்துக் கார்ட்டூன் வந்தது, சினிமா வந்தது, பிறகு வருஷத்துக்கு ஒன்று என்று வீடியோ கேம் வந்தது. எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். நல்ல ரோபோவுக்கும் கெட்ட ரோபோவுக்கும் சண்டை, நடுவில் ஊர் நாசம். கேம்களில் முக்கால்வாசி மட்டம் என்று புரொஃபசரே ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டு அத்தனையும் வாங்கி வைத்திருந்தார்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது நான் ஜாதிக்கும் மீனுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிற குடும்பம், மீன் வாசனையோடு நாங்கள் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டோம் என்றெல்லாம் வசனம் இருந்தது. அப்பா அந்தப் பக்கமே வரவில்லை.

"மீன் தின்னா தின்னுட்டுப் போகட்டும். நாப்பது வயசுல பொம்மை வெச்சுண்டு விளையாடறானாமே, அதுக்கு என்ன சொல்றே?"

எனக்கே அந்தக் கேள்வி இருந்தது. இருந்தாலும் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில் அப்பா இறங்கி வந்தார். ஒரு நிபந்தனையோடு. பதிவுத் திருமணத்தில் முதல் சாட்சி அவர்தான்.

அவர் வேலை பார்த்தது அலிப்பூரில், பத்திரப் பதிவு அதிகாரியாக. தெற்குக் கல்கத்தாவில் பாதி வீடு தன் கையெழுத்தில்தான் நிற்கிறது என்பார். பாதி என்பது கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் கையெழுத்து அழகுதான், இல்லையென்று சொன்னால் பாவம். முதல் எழுத்து ஏணி போட்டு ஏறும், கடைசிக் கோடு பின்னால் வந்து எல்லாவற்றையும் சுற்றி வளைக்கும். அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய வசவு 'கைநாட்டு'. மந்திரிகள் கைநாட்டு, எங்கள் மாடிவீட்டுக்காரர் கைநாட்டு, கணக்கில் நான் கோட்டை விட்ட வருஷம் நானும் கைநாட்டு.

சித்திரையில் கல்யாணம் என்று பேசியிருந்தோம். பங்குனியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பத்து நாளில் வாய் திரும்பியது, ஒரு மாதத்தில் கால் திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. ஸ்பூனைப் பிடித்தால் ஸ்பூன் விழுந்தது, பேனாவைப் பிடித்தால் பேனா விழுந்தது. அம்மா போய் ஆறு வருஷமாகியிருந்தது, வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சாட்சிக்குக் கட்டைவிரல் ரேகை வைத்தாலும் சட்டப்படி செல்லும் என்று ஒருநாள் நான் வாயை விட்டுவிட்டேன்.

"எனக்கே சட்டம் சொல்லித்தரயா? கை சரியாகட்டும், போடறேன். கைநாட்டு வெச்சு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்" என்றார். அதோடு இரண்டு நாள் பேச்சு நின்றது. ஆக, கை வந்தால் கையெழுத்து, கையெழுத்து வந்தால் கல்யாணம்.

வாரம் இரண்டு முறை வந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். அப்பா அதை மேஜை டிராயரில் பூட்டி வைத்தார். அப்போதுதான் புரொஃபசர் தன் பழைய கேம் பெட்டியையும், ரோபோ கேம்கள் இருந்த ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வந்தார். விரலுக்குப் பயிற்சி, மூளைக்கும் பயிற்சி என்றார். மாமனாருக்கு லஞ்சம் என்று நான் புரிந்துகொண்டேன். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய விஷயம், நல்லதுதான் என்று பிசியோதெரபிஸ்டும் தலையாட்டினார்.

விளையாட்டு ஆரம்பிக்கும் முன் திரையில் ஓர் ஒப்பந்தம் வரும். உலகத்தில் யாரும் படிக்காத ஒப்பந்தம். அப்பா படித்தார். இரண்டு நாள் படித்தார். பதினாலாவது ஷரத்தில் ஒரு முரண்பாடு இருப்பதாகப் புரொஃபசருக்குப் போன் போட்டுச் சொன்னார். "கையெழுத்தே இல்லாம, பட்டனை அமுக்கினா சம்மதம்னு எடுத்துப்பானாம். இது எந்த ஊர் நியாயம்?" என்று என்னிடம் கேட்டார். ஆனாலும் மூன்றாம் நாள் பட்டனை அமுக்கினார்.

அதற்குப் பிறகு வீட்டில் டிவி சீரியல் என்ற பேச்சே இல்லை. நான் செக்டர் ஃபைவ் ஐடி ஆஃபீஸிலிருந்து சாயந்திரம் திரும்பும்போது அப்பா ஏதோ ஓர் இரும்புக் கிரகத்தின் நிலவரத்தை ஒப்பிப்பார். எதிரி எந்தப் பாலத்தை உடைத்தான், எந்தக் கோட்டை விழுந்தது, எல்லாம் வரும். எழுபத்திரண்டு வருஷத்தில் ஒரு சைக்கிள்கூட ஓட்டாத மனிதர், அந்தக் கிரகத்தில் ரோடு மோசம் என்று குறைப்பட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் புரொஃபசர் வந்து பக்கத்தில் உட்காருவார். 'மேஷோமஷாய்' என்று வங்காள முறையில் மரியாதையாகக் கூப்பிட்டு, அந்த ரோபோவுக்கும் இந்த ரோபோவுக்கும் என்ன பகை என்று விளக்குவார். பத்திரத்தில் வில்லங்கம் விசாரிக்கும் முகத்தோடு அப்பா கேட்டுக்கொள்வார். இரண்டு பட்டதாரிகள் இதைப் பேசிக்கொண்டிருக்க, டீ போடுவது மட்டும் என் வேலையாக இருந்தது.

"கை எப்படிப்பா இருக்கு?" என்று தினமும் கேட்பேன்.

"வந்துண்டே இருக்கு" என்பார்.

ஆகஸ்டில் ஒருநாள் காலையிலிருந்தே கொட்டியது. ஆஃபீஸில் மத்தியானமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். டிவியில் லாரி பறந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு ரோபோ படை துப்பாக்கியோடு நிற்கிறது, இவர் லாரியாகவே போய் மோதுகிறார். பின்னால் வருகிறார், மறுபடி மோதுகிறார். சுடவில்லை. எழுந்து நிற்கவில்லை. நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் அந்த லாரி ஒரு தடவைகூட ரோபோவாகவில்லை.

கன்ட்ரோலர் அவர் மடியில் இருந்தது. வண்டி ஓட்டுவது இடது கைப் பக்கம். ரோபோவாக்குவதும் சுடுவதும் வலது கைப் பக்கம். அவருடைய இடது கை மின்னலாக வேலை செய்தது. வலது கை, தலையணை போட்டு, விருந்தாளி மாதிரி படுத்துக்கொண்டிருந்தது. நாலு மாதமாக அது ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று வந்தது நிம்மதி. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. கல்யாணம் நடக்காமல் இருப்பதற்கு இனி நான் காரணம் சொல்ல வேண்டாம், காரணம் தலையணை மேல் படுத்திருக்கிறது. அப்பாவை விட்டுப் போக எனக்குப் பயம். முப்பத்தாறு வயதில் புதிதாக ஒரு வீட்டில் போய் எந்த டப்பாவில் உப்பு என்று தேடவும் பயம். இத்தனைக்கும் அந்த வீடு டாக்குரியா பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆட்டோவில் பத்து நிமிஷம். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். படியில் கொஞ்ச நேரம் ஈரத்தோடு நின்றுவிட்டு, மணி அடித்தேன்.

துர்கா பூஜை வந்தது, போனது. தீபாவளியும் போனது. புரொஃபசர் தேதி கேட்டபோதெல்லாம் கை தேறிக்கொண்டு வருகிறது என்றேன். பெரிய பொய்யை அத்தனை சரளமாகச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, புரொஃபசர் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கேம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு சுவரை இரண்டு ரோபோக்களும் ஒன்றாகத் தூக்கினால்தான் வழி திறக்கும். அவருடைய ரோபோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்பாவின் லாரி சுவரில் முட்டியது.

"மேஷோமஷாய், உருமாறுங்கள்" என்றார் வங்காளத்தில்.

லாரி மறுபடி முட்டியது. புரொஃபசர் திரையைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். பிறகு உதவுகிற நினைப்பில்தான், அப்பாவின் வலது கையை எடுத்துப் பொத்தான் மேல் வைத்து, தன் விரலால் அந்த விரலை அழுத்தினார். லாரி எழுந்து நின்றது. அப்பா கையை உருவிக்கொண்டு, இடது கையாலேயே கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். புரொஃபசர் கிளம்பினார்.

வாசல்வரை போன பிறகு புரொஃபசர் என்னிடம், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். டீ குடிக்காமல் போனார். ஒரு வங்காளி, ஞாயிற்றுக்கிழமை, டீ குடிக்காமல் போனார் என்றால் நிலைமை என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே வந்தேன். "ஏம்ப்பா இப்படிப் பண்ணினே?" என்று குரலை உயர்த்தினேன். நடிப்பு நன்றாகத்தான் வந்தது.

"உனக்குத் தெரியுமே" என்றார் அப்பா.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு மழை. கதவு தொறந்துது, அப்புறம் மூடித்து. செத்த நாழி கழிச்சு மணி அடிச்சே. சாவியைக் கையில வெச்சுண்டு எவளாவது மணி அடிப்பாளா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கை வராதுடீ. ஜூன் மாசமே சொல்லிட்டார் அந்த பிசியோதெரபி டாக்டர். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிண்டேன். சொன்னா, ரேகை வைன்னு நிப்பே. மழையன்னிக்குப் பாத்ததும் வந்து கேப்பே, சண்டை போடுவே, அப்ப ஒத்துண்டுடலாம்னு நெனச்சேன். நீ கேக்கவே இல்லை. சரி, பொண்ணுக்கும் போக இஷ்டமில்லை போலருக்குன்னு நானும் பேசாம லாரி ஓட்டிண்டிருந்தேன். எனக்கு அது சௌகரியமாத்தான் இருந்துது."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் போனை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

புரொஃபசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மழை நாள், மணி அடித்தது, வாசலில் நின்று சொன்ன பொய், எல்லாம். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, வர விருப்பம் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார். பயமாக இருக்கிறது, ஆனால் வருகிறேன் என்றேன். பிறகு, மேஷோமஷாய் எத்தனை கட்டம் முடித்திருக்கிறார் என்று கேட்டார். பதினொன்று என்றேன். ரோபோவாகவே மாறாமலா என்றார். ஆமாம் என்றேன். தன்னால் ஏழாவதைத் தாண்ட முடிந்ததில்லை என்றார். குரலில் மரியாதை இருந்தது. என்னை அவர் மன்னித்தாரா, அப்பாவுக்காக என்னையும் சேர்த்துக்கொண்டாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

தை மாதத்தில் அலிப்பூரில் பதிவு. நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தன் சாட்சி ரேகையை வைத்துவிடுவதாக அப்பாதான் பிடிவாதம் பிடித்தார். அங்கிருந்த அதிகாரி அம்மாள் அவர் கையைப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு ஸ்டாம்ப் பேடை அவர் பக்கம் நகர்த்தினார். வலது கையை எடுத்து உதவ வந்த அந்த அம்மாளை அப்பா தடுத்தார்.

"ஆண்களுக்கு இடது கட்டைவிரல்தான் எடுக்க வேண்டும். முப்பத்து நாலு வருஷம் எடுத்திருக்கிறேன்" என்றார் வங்காளத்தில். விரலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே சீராக உருட்டினார். கோடு கோடாக, துளி மை இழுகாமல் ரேகை விழுந்தது. அவர் அதை ஒரு நொடிக்கு மேல் பார்க்கவில்லை.

அடுத்தது நான். ஐடி வேலையில் கையெழுத்துப் போட்டே வருஷக்கணக்காகிவிட்டது, அதனால்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பாதியில் எழுத்து வழுக்கி, பெயர் மேலே ஒரு துண்டும் கீழே ஒரு துண்டுமாக நின்றது. அந்த அம்மாள் அதையும் என் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்திலேயே இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அப்பா குனிந்து பார்த்தார். "என் ஆஃபீஸா இருந்தா இதைத் திருப்பி அனுப்பிச்சிருப்பேன்" என்றார். பிறகு மை பட்ட கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற நாலு விரலாலும் தாள் நகராமல் அழுத்திக்கொண்டார்.

"நான் பிடிச்சுண்டிருக்கேன். போடு."

போட்டேன்.